கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை

பொழிச்சலூர் அம்மன் கோயிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றும்போது முதல் அண்டா தாயாரம்மாள் வீட்டிலிருந்துதான் போகும். அவளுடைய மாமனார் சுப்பராயலு கோயிலுக்கு இடம் எழுதிக்கொடுத்த நாளில் தொடங்கிய மரியாதை அது. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடிவீடாகி, பம்மலிலிருந்து தோல் பதனிடும் ஷெட்டு நாற்றமும் மீனம்பாக்கத்திலிருந்து விமான இரைச்சலும் ஊருக்குள் குடிவந்த பிறகும் அந்த மரியாதையை யாரும் தொடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் வருஷத்து ஆடியில்தான் அதற்கு மோசம் வந்தது. வெளியாள் யாரும் செய்யவில்லை. வீட்டு மருமகள் ஜீவரத்தினம் மேடையேறி மைக்கில் பேசியதால் வந்தது.

மேடையேற்றியவரே கோயில் தர்மகர்த்தா சம்பந்தம்தான். சுப்பராயலுவுக்குத் தம்பி மகன். பல்லாவரம் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கும் ஜீவரத்தினத்தை, "நம்ம வூட்டுப் பொண்ணு பேசினா ஊருக்குப் பெருமைதானே" என்று அவரே வந்து கேட்டார். ஆடி இரண்டாம் வெள்ளி சாயங்காலம் பட்டிமன்றம். பெண்ணுரிமைப் பேச்சு குடும்பத்தை வாழவைக்கிறதா, குலைக்கிறதா என்று தலைப்பு. சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்திருந்த சமயம். மனை விற்ற வீடுகளிலெல்லாம் அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கூட்டம் கோயில் வாசலையும் தாண்டி நின்றது.

குலைக்கிறது என்று பேசிய வெளியூர்க்காரர், "எங்க வீட்டு அம்மா பெண்ணுரிமைக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாங்க, அன்னையிலேர்ந்து நான்தான் காபி போடறேன்" என்றார். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அது நடந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பட்டிமன்றத்தில் 'எங்கள் வீட்டில்' என்றால் அது பொய்தான், சிரிப்பதற்காகச் சொல்வது.

ஜீவரத்தினம் எழுந்தாள். அவள் 'எங்கள் வீட்டில்' என்று சொல்லவில்லை. "ஒரு வீட்டில்" என்றாள்.

"ஒரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. களத்தில் நெல் காய்கிறது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. அவளுக்கு இடுப்பு வலி. முதலில் நெல்லை வாரிவிட்டுப் படு என்று சொல்லிவிட்டார்கள். களத்திலேயே பிறந்தது. இறந்தே பிறந்தது. நெல் நனையவில்லை. குலையாத குடும்பம் என்று நீங்கள் சொல்வது இதைத்தானா?"

யாரும் சிரிக்கவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தீர்ப்பு வழக்கம்போல் குலைக்கிறது என்ற பக்கம் போயிற்று. ஆனால் கலைந்துபோன கூட்டம் தீர்ப்பைப் பற்றிப் பேசவில்லை. 'எங்கள் வீட்டில்' என்றால் பொய், 'ஒரு வீட்டில்' என்றால் சொந்த வீடு. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய ஊர் போட்ட கணக்கு இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஜீவரத்தினத்துக்கு முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் கலைந்ததும், அந்த வருஷம்தான் அந்த வீட்டில் கடைசியாக நெல் அறுத்ததும் ஊருக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

தாயாரம்மாள் வாசலில் இரண்டு எருமை கட்டி, பம்மலில் எட்டு வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் ஸ்ரீரங்கன் இறந்து ஆறு வருஷம். அவள் நடையில் எப்போதும் ஒரு நிமிர்வு இருக்கும். தலையில் பால் தூக்கோடு போனாலும் கழுத்து வளையாது. சனிக்கிழமை காலை குழாயடியில் நின்ற செல்லியம்மாள் அவளைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

"இன்னா செல்லி, புதுசா வழிலாம் வுடற?"

"இல்லக்கா, உன்னப் பாத்தா பயமா கீது. நெல்லு வாரச் சொல்லிட்டீன்னா?"

சுற்றி நின்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தாயாரம்மாள் தூக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். எட்டு வீட்டுக்கும் பால் ஊற்றினாள். ஆறாவது வீட்டு அம்மாள், "நாளையிலேர்ந்து பாக்கெட் பாலே வாங்கிக்கறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து தூக்கைக் கவிழ்த்து வைத்தாள். ஜீவரத்தினம் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்னாண்ட சொன்னேன்," என்றாள் தாயாரம்மாள். "உன்னாண்ட மட்டும். பெத்துட்டுப் படுத்துக்கினு இருந்தியே, உன் வயித்துல துணி சுத்தறப்போ சொன்னேன். என் புருஷனாண்டகூட அதப்பத்தி நான் பேசினதில்ல. அத இட்டுக்கினு போயி ஊர் நடுவுல வச்சியே."

"யார் பேரும் சொல்லலையே அத்தை. நீங்கதான்னு ஒரு வார்த்தை..."

"பேரு வேற சொல்லணுமா? இப்ப நான் உன்னை அடிச்சி நெல்லு வாரச் சொன்னவளா ஆயிட்டேன்."

ஜீவரத்தினம் இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவேயில்லை. "எனக்கு மேடையில நின்னதும் அதுதான் வந்தது அத்தை. அந்தாளு காபி காபின்னு சிரிக்க வைக்கிறான். எனக்கு நீங்க சொன்னதுதான் கண் முன்னாடி நின்னுச்சு."

"நிக்கும். எனக்கு நாப்பத்தியோரு வருஷமா நிக்குது. நான் வாயத் தொறந்தனா?"

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. தாயாரம்மாளுக்கு அப்போது பதினேழு வயது. தை மாதத்தில் திடீர் மழை. களத்தில் விழுந்தவள் வீட்டுக்குள் கண் விழித்தபோது, பிள்ளை செத்துப் பிறந்தது என்றார்கள். களத்தில் பிணம் விழுந்தது என்று தெரிந்தால் அந்த நெல்லை வியாபாரி தொடமாட்டான். அதனால் மருமகள் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சுப்பராயலு ஊருக்குச் சொன்னார். அதன் பிறகு சிட்டிபாபு பிறக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. ஒன்பது வருஷமும் அவளை 'பாத்து நடக்கத் தெரியாதவ' என்றுதான் பேசினார்கள். அவள் தாங்கிக்கொண்டாள். வீட்டுப் பேச்சு வாசற்படி தாண்டினால் வீடு வீடாக இருக்காது என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான் அந்த வீடு நின்றது. தப்பென்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

புதன்கிழமை சம்பந்தம் வந்தார். கூடவே கோயில் கமிட்டி பொன்னுசாமி. மறைமலை நகர் கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிந்து சிட்டிபாபுவும் அப்போதுதான் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தான். நாற்காலி போட்டான். தாயாரம்மாள் நடுக்கதவில் சாய்ந்து நின்றாள். ஜீவரத்தினம் சமையற்கட்டில் இருந்தாள். எல்லாம் கேட்கிற தூரம்தான்.

"அண்ணி, நான் சுத்தி வளைக்க மாட்டேன்," என்றார் சம்பந்தம். "மருமவளைக் கொடுமைப்படுத்தின வூட்டுக் கூழை அம்மன் வாசல்ல மொதல்ல எறக்கக்கூடாதுன்னு ஊர்ல பேசிக்கினு கீறாங்க. எங்க பெரியப்பா பேருக்கு இது அசிங்கம்."

"யாரு யாரைக் கொடுமைப்படுத்தினது?"

"எனக்குத் தெரியும் அண்ணி, நீங்க அப்படியாப்பட்டவங்க இல்ல. படிச்ச பொண்ணு, டிவில பாத்துட்டு, பத்திரிகைல வர்றதப் படிச்சிட்டு, கைதட்டு வாங்கணும்னு அடிச்சி வுட்டுச்சு. இப்பல்லாம் இதான பேஷன்? ஆம்பளைன்னா ராட்சசன், மாமியான்னா பேயி."

சமையற்கட்டிலிருந்து ஜீவரத்தினத்தின் குரல் வந்தது. "மாமா, நான் மாமியாரைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே. ஒரு வீட்டில்னுதான் சொன்னேன்."

பொன்னுசாமி சிரித்தார். "கேட்டியா சம்பந்தம்? உள்ளேர்ந்தே பதில் வருது. எங்க வூட்லயும் இப்படித்தான். சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னேன், என் பொண்ணு சமத்துவம்ன்றா. உப்புக்கும் சமத்துவத்துக்கும் இன்னாப்பா?"

"உப்பு கம்மின்னா எழுந்து போய்ப் போட்டுக்கோங்கன்னு அர்த்தம், மாமா."

பொன்னுசாமிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "இதான், இதான் சொல்றேன். பங்கு கேக்கச் சட்டம் வந்துச்சு. நாளைக்கு என் பொண்ணு வந்து நிப்பா. சீர் செஞ்சேன், நகை போட்டேன், அதுலாம் கணக்கில்லியா? அண்ணன் தங்கச்சிய கோர்ட்டுல ஏத்தறதுதான் முன்னேத்தமா?"

அதில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது. வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று இறங்கிப் போயிற்று.

சிட்டிபாபு கேட்டான். "இப்ப இன்னா செய்யணும் சித்தப்பா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம கூழு எறக்கறதுக்கு முன்ன மருமவ மைக்ல ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் சொன்னது கட்டுக்கதை, அப்படி எதுவும் எங்கேயும் நடக்கலன்னு. அவ்ளோதான். அண்ணி மேல விழுந்த பழி போயிடும். அண்டாவை நானும் நீயும் எப்பவும்போலத் தூக்கினு போயி எறக்குவோம்."

"சொல்லிடுவா," என்றான் சிட்டிபாபு. "எனக்கும் கம்பெனி பஸ்ல தலை காட்ட முடியல. டெய்லி டார்ச்சர். 'இன்னா சிட்டி, களத்துல நெல்லு வாரியாச்சா'ன்றானுங்க."

அவர்கள் போனபிறகு ஜீவரத்தினம் வெளியே வந்தாள். புருஷனைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன் அத்தை. உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்தது நான். நானே பொய்னு சொல்லிடறேன்."

தாயாரம்மாள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மாமனார் பேர் போகும். சும்மா இருந்தால் தன் பேர் போகும். பொய் சொன்னால் யாருக்கும் ஒன்றுமில்லை. "சொல்லிடு," என்றாள். "சொல்லிட்டு இனிமே மேடை கீடைன்னு போவாத."

வெள்ளிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாள். சனிக்கிழமை பகல் தோட்டத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியாயிற்று. வருஷா வருஷம் கூழ் காய்ச்ச வருகிற கிளியம்மாள் பத்து மணிக்கே வந்து முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். எழுபது தாண்டியவள். அந்தக் காலத்தில் இந்த வீட்டுக் களத்தில் நெல் தூற்றியவள்; ஊரில் பிரசவம் பார்த்ததும் அவள்தான். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனால் விரல் தானாகக் கீரை உருவும்.

அரிசி நொய் கொதித்துக் குழைந்ததும் தாயாரம்மாள் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டத் தொடங்கினாள். கூழ் கிண்டுகிறவள் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அடி பிடித்துக் கட்டி தட்டிவிடும். புகை கண்ணில் ஏறியது. வேர்வை முதுகில் ஓடியது. கையை நனைத்துத் தொட்டுப் பார்த்தாள்; இன்னும் ஒட்டியது.

சிட்டிபாபு ஒரு வெள்ளைத்தாளோடு தோட்டத்துக்கு வந்தான். மனைவியை வேப்பமரத்தடியில் நிறுத்தினான். "நானே எழுதிட்டேன். உளறாம இத அப்படியே படி. ஒரு தடவை படிச்சுக் காட்டு."

ஜீவரத்தினம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தாள். "ஊர்ப் பெரியோர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் வெள்ளிக்கிழமை பட்டிமன்றத்தில் நான் கூறியது முழுக்க முழுக்கக் கட்டுக்கதை. அப்படி ஒரு சம்பவம் எங்கும் நடக்கவில்லை. அப்படி ஒரு குழந்தை..." நின்றாள். "இது எதுக்குங்க? நடக்கலன்னு சொன்னா போதாதா?"

"சித்தப்பா தெளிவா இருக்கணும்னாரு. படி."

"அப்படி ஒரு குழந்தை பிறக்கவே இல்லை."

துடுப்பு நின்றது. யாரும் கவனிக்கவில்லை. கீரை உருவிக்கொண்டிருந்த கிளியம்மாள், தலையைத் தூக்காமல், தனக்குத்தானே சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"பொறக்காமயா அழுதுச்சு?"

தாயாரம்மாள் திரும்பினாள். "இன்னா சொன்ன?"

கிளியம்மாளுக்கு அப்போதுதான் வாய் தவறிவிட்டது புரிந்தது. "ஒண்ணும் இல்லம்மா. கெழவி ஒளர்றேன்."

"கிளியம்மா. இன்னா சொன்ன?"

"பெரியவரு கற்பூரம் அடிச்சி சத்தியம் வாங்கினாரும்மா."

"அவரு போயி இருவது வருஷம் ஆச்சு. சொல்லு."

கிளியம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். "அழுதுச்சும்மா. ரெண்டு வாட்டி. பொட்டப்புள்ள. நீ மயக்கமா கெடந்த. தொப்புள்கொடி அறுக்கச் சுடுதண்ணி வேணும், ஒரு துணி வேணும், வூட்டாண்டத் தூக்கினு போலாம்னேன். பெரியவரு, இரு, மொதல்ல கோணி போட்டு நெல்ல மூடட்டும், ஆளு ஒண்ணும் நவுரக்கூடாதுன்னாரு. நான் மடியில வச்சிக்கினு குந்திக்கினு கீறேன். மேல மழை கொட்டுது. என் முந்தானையே சொட்ட சொட்ட ஈரம், எதால சுத்தறது? மூட்டையெல்லாம் அடுக்கி முடிச்சாங்க. அப்ப பாத்தா சில்லுனு கீது."

அடி பிடிக்கிற வாசனை வந்தது. ஜீவரத்தினம் ஓடிவந்து மாமியார் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக் கிண்டினாள். தாயாரம்மாள் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"அம்மா," என்றான் சிட்டிபாபு. "இதெல்லாம் பழைய கதை. இப்போ இதக் கிளறி இன்னா ஆவப்போது? தாத்தா பேரு கோயில் கல்லுல கீது."

"கீது," என்றாள் அவள். "நீ போயி குளி."

ஞாயிற்றுக்கிழமை காலை தூறல் விழுந்து நின்றிருந்தது. ஆறவைத்த கூழில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, வளையம் வைத்த வெண்கல அண்டாவில் நிரப்பி, சம்பந்தமும் சிட்டிபாபுவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோயில் வாசல்வரை கொண்டுபோனார்கள். பின்னால் தாயாரம்மாளும் ஜீவரத்தினமும் நடந்தார்கள். வீட்டிலிருந்து கோயில்வரை தாயாரம்மாள் மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீவரத்தினம் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள்.

மற்ற வீட்டு அண்டாக்கள் வரிசையில் காத்திருந்தன. பெண்கள் சொம்பும் தூக்குமாக நின்றார்கள். பட்டிமன்றத்தில் காபிப் பேச்சுக்கு விசில் அடித்த பையன்களும் இருந்தார்கள். சம்பந்தம் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பெரிய வூட்டு மருமவ ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. அமைதியாக் கேளுங்க."

ஜீவரத்தினம் ஒரு அடி வைத்தாள். தாயாரம்மாள் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு?"

"கெழவி பேசினா பெண்ணுரிமை ஆவாது சம்பந்தம். வுடு."

நாலு பேர் சிரித்தார்கள். சம்பந்தமும் சிரித்துவிட்டு மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார். தாயாரம்மாள் அதற்கு முன் மைக்கில் பேசியதில்லை. வாயை ரொம்பக் கிட்டே கொண்டுபோனாள். முதல் வார்த்தையே தெருக்கோடிவரை இடித்தது.

"என் மருமவ அன்னிக்கு ஒரு சேதி சொன்னா. அதுல ஒரு தப்பு கீது."

சம்பந்தம் தலையை ஆட்டினார். பொன்னுசாமி, "கேளுங்கப்பா, கேளுங்க" என்றார்.

"செத்துப் பொறந்துச்சுன்னு சொன்னா. அது தப்பு. அழுதுச்சு. பொட்டப்புள்ள. இவ பெத்தது இல்ல. நான் பெத்தது. எங்க மாமனாரு சுப்பராயலு களத்துல. நான் கெணத்தாண்ட வழுக்கி வுழல. நெல்லு மூடறவரைக்கும் புள்ளைய மழைல வச்சிருந்தாங்க. நெல்லு நனையல."

ஒலிபெருக்கி கீச்சென்று கத்தி அடங்கியது. அவள் அதற்குப் பயந்து ஒரு அடி பின்வாங்கி, மறுபடி வந்தாள்.

"வூட்டுப் பேச்ச வெளிய பேசினது தப்புதான். அதுக்கு அவளை நான் கேட்டுக்குவேன், என் வூட்ல வச்சி. பொறந்த புள்ளைய பொறக்கலன்னு சொல்லச் சொல்றதுக்கு இங்க எவனுக்கும் பாத்தியதை இல்ல. எனக்கும் இல்ல."

"அண்ணி!" சம்பந்தம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். அவர் முகம் கறுத்திருந்தது. "செத்த மனுஷன் பேர்ல... கோயிலுக்கு எடம் குடுத்தவரு! அவரு குடுத்த எடத்துலயே நின்னுக்கினு இப்படிப் பேசறீங்களே!"

"குடுத்தாரு. நல்ல மனுஷன்தான். எனக்கும் சோறு போட்டாரு. அன்னிக்கு நெல்லு பெரிசாப் போச்சு அவருக்கு."

பின்னாலிருந்து ஒரு பையன், "பொம்பள ராஜ்யம்டா!" என்று கத்தினான். ஒரு விசில் வந்தது. முன்வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. செல்லியம்மாள் கையிலிருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தம் கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி மெல்ல ஏதோ பேசினார். பிறகு மைக்கில்லாமலே சொன்னார். "இந்த அண்டாவ எறக்க வேணாம். பொன்னுசாமி, உன் வூட்டு அண்டாவ முன்னால கொண்டா."

பொன்னுசாமி தயங்கினார். தாயாரம்மாளைப் பார்க்காமல் போய்த் தன் அண்டாவை நகர்த்தினார். தாரை தப்பட்டை தொடங்கியது. மூன்று தலைமுறை மரியாதை அவ்வளவு சீக்கிரத்தில் முடிந்தது.

"சிட்டிபாபு," என்றாள் தாயாரம்மாள். "தூக்கு, போலாம்."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வளையத்தைப் பிடித்தாள். மறுபக்கத்து வளையத்தை ஜீவரத்தினம் பிடித்தாள்.

நிறைந்த அண்டா. இரண்டு ஆம்பிளைகளே மூச்சு வாங்கிக் கொண்டுவந்தது. ஈரத் தெருவில் கூழ் தளும்பிக் காலில் விழுந்தது. கதவிடுக்குகளில் முகங்கள் தெரிந்தன. தாயாரம்மாளின் கழுத்து வளையவில்லை. ஆனால் மூச்சு இரைந்தது. ஒரு தடவை இறக்கி வைத்துத் தூக்கினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மறுபடி இறக்க வேண்டியிருந்தது. வளையம் அழுத்தி இருவர் உள்ளங்கையும் சிவந்திருந்தது.

"அத்தை," என்றாள் ஜீவரத்தினம். கண் நிறைந்திருந்தது. "நான் அன்னிக்கு..."

"பேசாத," என்றாள் தாயாரம்மாள். "கைய மாத்திப் புடி. வூடு இன்னும் தூரம் கீது."